இரட்டை அச்சுக் காசு

பழங்காசு திரட்டுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் ஆர்வத்தோடு தேடும் காசுகளுள் சில பொன்னாலோ வெள்ளியாலோ ஆனவை அல்ல. அரசர் காலத்துத் தொன்மை உடையனவும் அல்ல. பிழைபட அமைந்தமையே அவற்றின் பெருமை. குற்றமே குணமாய் நிற்கும் இவ்விந்தைக்கு 1955ஆம் ஆண்டின் அமெரிக்கச் சென்ட் காசு சிறந்த சான்றாகும்.

அது ஆபிரகாம் லிங்கனின் உருவம் பொறித்த சிறு காசு. பிலடெல்பியா நகரத்து அக்கசாலையில் அவ்வாண்டு அடிக்கப்பட்டவற்றுள் சிலவற்றில் ஆண்டெண்ணும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தோன்றின. பிழை புலனானபோது ஏறத்தாழ 24,000 காசுகள் நல்ல காசுகளோடு கலந்துவிட்டன என்று கணிப்பர். அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது எனக் கண்ட அதிகாரிகள் அனைத்தையும் அப்படியே வெளிவிட்டனர். அந்நாளில் சிகரெட் விற்கும் பொறியில் 25 சென்ட் இட்டவர்க்கு மீதி 2 சென்ட், பெட்டியின் மேலுறைக்குள் வைத்துத் தரப்பட்டது. அவ்வழியே இக்காசுகள் பல, மக்கள் கையை அடைந்தன. அன்று ஒரு சென்ட்டாகவே செலவான அக்காசுக்கு இன்று ஆயிரம் டாலருக்கு மேலும் கொடுப்பார் உளர்.

இப்பிழை பிறந்த வகையை அறிதல் வேண்டும். காசு அடிக்கும் அச்சு எஃகால் ஆயது. அதன் முகத்தில் உருவமும் எழுத்தும் குழிவாக இருக்கும். அக்குழிவை உண்டாக்குவது, புடைப்புருவம் தாங்கிய மற்றோர் எஃகுக் கட்டை. அதனைத் தாயச்சு என்று கொள்வோம். அக்காலத்தில் தாயச்சை ஒருமுறை அழுத்தினால் உருவம் முழுதும் பதிவதில்லை. அழுத்தத்தால் எஃகும் இறுகிவிடும். ஆதலின் அச்சினைக் காய்ச்சி மென்மையாக்கி, மீண்டும் அதே இடத்தில் தாயச்சை அழுத்துவர். இரண்டாம் முறை இம்மியளவு திரும்பிவிடினும் ஓரச்சில் ஈருருவம் பதியும். பின்னர் அவ்வச்சு அடிக்கும் காசு ஒவ்வொன்றும் அக்குற்றத்தைச் சுமந்தே பிறக்கும்.

இனிப் போலி இரட்டையைக் காண்போம். இங்கு அச்சு குற்றமற்றது. ஆயினும் பொறியில் இறுகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும். அடி விழுந்தவுடன் அது சற்றே நழுவி, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை அழுத்தித் தட்டையாக்கும். அத்தட்டை விளிம்பே மற்றோர் எழுத்துப் போல மயக்கும். இத்தகைய காசுகள் எண்ணிறந்தன. அவற்றிற்குத் தனிவிலை இல்லை.

இரண்டையும் வேறு பிரித்தறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று போதும். மெய்யிரட்டையில் இரண்டாம் உருவமும் முதலுருவம் போலவே திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தோன்றும். எழுத்தும் அகன்று காணும். போலியிரட்டையிலோ இரண்டாவது, படிக்கட்டுப் போலத் தாழ்ந்து தட்டையாய்க் கிடக்கும். எழுத்து தன் இயல்பான அகலத்தினும் மெலிந்துவிடும். சுருங்கச் சொன்னால், மெய் கூட்டுவது, போலி குறைப்பது.

வேறொரு மயக்கமும் உண்டு. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த அச்சு, எழுத்தை வீங்கச் செய்து நிழல் போலக் காட்டும். 1955ஆம் ஆண்டுக் காசுகள் சிலவற்றில் ஈற்றிலுள்ள 5 என்னும் எண் மட்டும் இவ்வாறு மங்கலாக இரட்டித்திருக்கும். காசு திரட்டுவோர் அதனை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்று நகையாடுவர். ஆண்டு ஒன்றே, காசும் ஒன்றே, விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை. இவ்வேற்றுமை அறியாதவன் விற்பவன் சொல்லை நம்பிப் பெரும்பொருள் இழப்பான்.

அறியாமையால் மெய்யும் பொய்யெனப்படுதல் உண்டு. 1969ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் அடிக்கப்பட்ட சென்ட் காசுகளிலும் மெய்யான இரட்டை அச்சு அமைந்தது. முதலில் அகப்பட்ட சிலவற்றைக் கள்ளக்காசு என ஐயுற்று அரசின் காவற்பிரிவினர் கைப்பற்றினர். அவை மெய்யானவை என்பது பின்னரே தெளிவாயிற்று. அக்காசில் நகரைக் குறிக்கும் ‘எஸ்’ என்னும் எழுத்து நல்ல சான்று பகரும். அந்நாளில் அவ்வெழுத்தைத் தாயச்சு பதித்த பிறகே தனியாகப் பொறிப்பர். ஆதலால் மெய்யிரட்டையில் ஏனைய எழுத்துகள் இரட்டிக்க, ‘எஸ்’ மட்டும் ஒற்றையாய் நிற்கும். அதுவும் உடன் இரட்டித்திருப்பின், அச்சு நழுவியதால் வந்த போலியோ என்று ஐயுறல் வேண்டும்.

ஆசையோடு நோக்கும் கண்ணுக்கு எக்காசும் இரண்டாகவே தோன்றும். அச்சத்தோடு நோக்கும் கண்ணுக்கோ நல்ல காசும் கள்ளக்காசாகும். இவ்விரண்டும் நீங்கி, குற்றம் அச்சிலே பிறந்ததா, அடியிலே பிறந்ததா என்று ஆராய்பவனே உண்மை காண்பான். ஆதலின் காசின் விலையைப் பிறரிடம் வினவுவதற்கு முன், அதன் பிறப்பைக் காசினிடமே வினவுதல் அறிவுடைமையாகும்.