அநீதி இழைக்கும் பிள்ளைக்கும் உதவி தேவை



கடந்த ஆண்டு ஒரு நாள், காஜிமார் தெருப் பள்ளிவாசலில் அஸ்ர் தொழுது வீடு திரும்பியபோது, ஏழாம் வகுப்பில் பயிலும் என் மகனின் வகுப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். என் பிள்ளையை யாரோ சீண்டிவிட்டார்கள் என்றே எண்ணினேன். தொப்பியையும் பெயரையும் வைத்துக் கேலி செய்தால் எவ்வாறு பொறுமை காப்பது, யாரிடம் முறையிடுவது என்றெல்லாம் அவனுக்கு முன்பே கற்றுக்கொடுத்திருந்தேன்.

ஆசிரியை சொன்னதோ வேறு. திக்கிப் பேசும் ஒரு மாணவனைச் சிலர் பல வாரங்களாகப் பட்டப்பெயரால் அழைத்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவன் என் மகன்.

“விளையாட்டுக்குத்தான் அத்தா” என்றான்.

“அவனும் சிரித்தானா?” என்று கேட்டேன்.

நெடுநேரம் கழித்து, “முதல் நாள் சிரித்தான்” என்றான்.

விளையாட்டுக்கும் கொடுமைக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு பதிலில் இருந்தது. இருவரும் சிரித்தால் அது விளையாட்டு. பலர் சேர்ந்து ஒருவனை, அவன் வருந்துவது தெரிந்தும், நாள்தோறும் நோகடித்தால் அது கொடுமை. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடை செய்கிறது. அதை மனனம் செய்திருந்த என் மகன், தன் வகுப்பறைக்கும் அது பொருந்தும் என்று அறிந்திருக்கவில்லை. குற்றம் என்னுடையதும்தான்.

சிறு சொல்தானே என்று நாம் கடந்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில், நமக்குத் தெற்கே நாங்குநேரியில் நடந்ததை அறிவோம். உடன் பயின்றவர்கள் சாதியின் பெயரால் கொடுத்த தொல்லையைத் தாங்காமல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினான். ஆசிரியர்கள் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். அன்றிரவே வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். இதையடுத்து அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. அரிவாள் ஒரே நாளில் மாணவன் கைக்கு வருவதில்லை. இழிசொல்லைக் கேட்டு உடனிருந்தோர் சிரித்த நாள்களே அதற்கு வழி அமைக்கின்றன. பிள்ளை வாய்திறந்து சொன்னால் மட்டும் போதாது, சொன்ன அன்றே அவனுக்குப் பாதுகாப்பும் வேண்டும் என்பதையும் அந்நிகழ்வு உணர்த்துகிறது.

அநீதி இழைக்கப்பட்டவனுக்கு மட்டுமன்றி, அநீதி இழைப்பவனுக்கும் உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் வினவியபோது, அநீதி செய்யவிடாமல் தடுப்பதே அந்த உதவி என விளக்கினார்கள். புகாரீயில் பதிவான இந்த ஹதீஸை அன்றுதான் ஒரு தகப்பனாக நான் புரிந்துகொண்டேன். ஆசிரியை எனக்குச் செய்தது அந்த உதவியே.

மகனை நான் அடிக்கவில்லை. அம்மாணவனைத் தனியே சந்தித்து மன்னிப்புக் கேட்கவும், வேறு யாரேனும் அப்பெயரைச் சொன்னால் “வேண்டாம்” என்று முதலில் சொல்பவனாக இருக்கவும் பணித்தேன். அம்மாணவன் உடனே மன்னிக்கவில்லை. மன்னிப்பது அவனுடைய உரிமை, காத்திருப்பது உன் கடமை என்றேன். இரண்டு மாதங்களுக்குப் பின் இருவரும் ஒரே பந்தில் விளையாடியதாக மகன் சொன்னான்.

சகோதர சகோதரிகளே, பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் “உன்னை யாராவது அழவைத்தார்களா?” என்று கேட்கிறோம். “நீ யாரையாவது அழவைத்தாயா? யாராவது அழுதபோது பார்த்துக்கொண்டிருந்தாயா?” என்றும் கேட்போம். துன்புறும் பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண்ணையும் சொல்லிக்கொடுப்போம்.

நம் பிள்ளைகளின் நாவாலும் கையாலும் பிறர் துன்புறாதிருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.