விடுகதையும் வீதியும்



மும்பையிலும் பெங்களூரிலும் நம் பிள்ளைகளை ஜெபித்தே பள்ளிக்கு அனுப்புகிறோம். சாலையையோ அவர்கள் தனியே கடக்கிறார்கள். ஆகையால் குடும்ப ஜெபம் முடிந்தபின் ஐந்து நிமிடம் விடுகதை போடுங்கள்.

"மூன்று கண்ணன், ஒரு நேரத்தில் ஒரு கண்ணே திறப்பான். யார்?" சிக்னல் விளக்கு.

"நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர் வலப்புறம், சைக்கிளில் செல்பவர் இடப்புறம். ஏன்?" நடப்பவர் எதிரே வரும் வண்டியைக் காணவேண்டும், சைக்கிளோ தானும் ஒரு வாகனம்.

"கடக்குமுன் முதலில் எப்பக்கம் பார்ப்பாய்?" வலப்பக்கம், நம் நாட்டில் அருகில் வரும் வண்டி அங்கிருந்தே வரும். பின்பு இடம், மீண்டும் வலம்.

விடையை உடனே சொல்லிவிடாதிருங்கள். பிள்ளை தானே கண்டுபிடித்த விடை, நாம் அருகில் இல்லாத வேளையிலும் அதன் நினைவில் நிற்கும். கர்த்தர் நம்மிடம் ஒப்புவித்த பிள்ளைகளுக்காக ஜெபிப்போம், கற்றும் கொடுப்போம்.