கழுவி வைத்த குவளைகள்

2022ஆம் ஆண்டு மே மாதம் என் குருத்துவ வெள்ளி விழாவைப் பங்கு மக்கள் அன்போடு கொண்டாடினார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது உண்மை. உறுதியாகச் சொல்லவில்லை என்பதும் உண்மை. நன்றித் திருப்பலி முடிந்து வெளியேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு லட்டு, ஒரு வாழைப்பழம், ஒரு செபப் படம் ஆகியவை அடங்கிய பை ஒன்று வழங்கப்பட்டது. பையின் ஒருபுறம் கிண்ணமும் அப்பமும், மறுபுறம் என் முகம். “துணிப்பைதான் சாமி, பிளாஸ்டிக் இல்ல” என்று பங்குப் பேரவையினர் முன்னதாகவே எனக்கு உறுதி கூறியிருந்தனர். ஆயிரம் பைகள் அடித்திருந்தார்கள்.

அவ்வாண்டு நவம்பர் மழையில் ஆலயத்தை அடுத்த தெருவின் வாறுகால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஆலய வளாகத்திற்குள்ளேயே புகுந்துவிட்டது. தூய்மைப் பணியாளர் இருவர் வந்து நீண்ட கம்பியால் அடைப்பைக் கிளறினர். கறுத்த சேற்றோடு வெளியே வந்த குப்பையில் நாலைந்து பைகள் இருந்தன. ஒருவர் அதிலொன்றை எடுத்து உதறிப் பார்த்துவிட்டு, “சாமி, ஆறு மாசமாச்சு, உங்க படம் கொஞ்சங்கூட அழியல” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வியந்துதான் சொன்னார்.

அன்று மாலை அந்தப் பைகளில் ஒன்றைக் கழுவி உலர்த்தி, ஓரத்தை மெழுகுதிரியில் காட்டினேன். பருத்தியாயிருந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகியிருக்கும். இதுவோ சுருங்கி உருகிச் சொட்டி, சொட்டிய இடத்தில் கெட்டியான மணியாக உறைந்தது. கடைக்காரர்கள் ‘நான்-ஓவன்’ என்று சொல்லும் இந்தப் பை பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்வது. துணிபோல் தோன்றும், அவ்வளவே. தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருள்களுள் இதுவும் ஒன்று. அந்தத் தடையைப் பற்றி அதே ஆண்டில் மறையுரையில் பேசியவன் நான். பேசியவனுடைய முகத்தைத் தாங்கிக்கொண்டுதான் அது வாறுகாலை அடைத்திருந்தது.

இதற்குப் பிறகு நான் கொஞ்சம் வாசித்தேன். கைப்பிடியுள்ள பாலித்தீன் பை 1960களில் சுவீடன் நாட்டில் உருவானது. அதை வடிவமைத்த ஸ்டென் குஸ்தாவ் துலின் என்பவர் ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வந்தார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எறிவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. மறுபுறம், டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வொன்று பருத்திப் பைக்கும் கணக்குப் பார்த்தது. கடைகளில் தரும் சாதாரண பாலித்தீன் பையைவிடப் பருத்திப் பை பருவநிலைக்கு நல்லதாக வேண்டுமாயின் அதை 52 முறையேனும் பயன்படுத்த வேண்டும். தண்ணீர், மண் முதலிய எல்லாக் கேடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 7,100 முறை. நாள்தோறும் ஒருமுறை எடுத்துச் சென்றாலும் இது பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நான் எழுந்துபோய்ப் பங்கு இல்லத்து அலமாரியைத் திறந்து எண்ணினேன். திருமண வீடுகளிலும் வீடு மந்திரிப்புகளிலும் தாம்பூலத்தோடு தந்த மஞ்சள் பைகள் மட்டும் நாற்பத்தொன்று இருந்தன. 2021 திசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது மகிழ்ந்து கைதட்டிய எனக்கு, மஞ்சள் பையை அலமாரியில் அடுக்குவதும் ஒருவகை எறிதலே என்று தோன்றாமற் போயிற்று. அவற்றுள் இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஆலயத்தின் எதிரிலுள்ள மளிகைக் கடையில் கொடுத்தேன். பை கொண்டுவர மறந்தவர் எடுத்துச் சென்று மறுமுறை திருப்பித் தரலாம் என்பது ஏற்பாடு. முதல் மாதத்தில் பாதி திரும்பவில்லை. அது வேறு கதை.

தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். என் சிறுவயதில் எண்ணெய் வாங்கக் கழுத்தில் கயிறு கட்டிய புட்டியும், ஞாயிறு பூசைக்குப் பின் கறி வாங்க ஓலைப்பெட்டியும் கொண்டு போவோம். பதநீரைப் பனையோலைப் பட்டையில் குடித்துவிட்டு வீசினால் அதை ஆடு தின்னும். என் தாய் முடைந்த நார்ப்பெட்டி அவர் இறந்த பிறகும் எங்கள் வீட்டில் இருந்தது. பிற்காலத்தில் குருமடத்தில் எங்கள் விவிலியப் பேராசிரியர் ஒரு பாடவேளை முழுவதையும் கூடைகளுக்காகவே செலவிட்டார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபின் மீந்தவற்றைச் சேர்த்த பன்னிரண்டு கூடைகளுக்குக் கிரேக்கத்தில் ஒரு சொல், நாலாயிரம் பேருக்கு அளித்தபின் நிரப்பிய ஏழு கூடைகளுக்கு வேறு சொல்; நம் மொழியில் இரண்டும் கூடைதான். முதலாவது ‘கொஃபினோஸ்’, யூதர்கள் வழக்கமாகக் கையில் கொண்டு செல்லும் சிறு கூடை. உரோமைக் கவிஞர் யுவெனால்கூட அவர்களுடைய உடைமைகளாகக் கூடையையும் வைக்கோலையுமே குறிப்பிடுகிறார். இதற்கா ஒரு மணி நேரம் என்று அன்று எனக்குச் சலிப்பாயிருந்தது. இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பாலைநிலத்தில் எந்தக் கடையும் இல்லை. அக்கூடைகள் ஏற்கெனவே யாருடைய கைகளிலோ இருந்தவை. மறுநாளும் அவர்களுக்கு வேண்டியவை.

நினைவுகள் இனியவைதாம். ஆனால் பழையன எல்லாம் இனியவை என்று எழுதிவிட்டு எழுந்துபோக என்னால் இயலவில்லை. 2023ஆம் ஆண்டுத் திருவிழா எனக்குக் கற்பித்தது வேறு.

எங்கள் பங்கின் பாதுகாவலர் புனித அந்தோனியார். சூன் 13ஆம் நாள் அசனத்திற்கு ஏறத்தாழ எண்ணூறு பேர் அமர்வார்கள். சோறு வாழையிலையில்தான். தண்ணீருக்கும் பாயசத்திற்கும் காப்பிக்கும் காகிதக் குவளைகள். காகிதம் என்கிறோம், நீர் கசியாதபடி உட்புறத்தில் பாலித்தீன் பூசியது அது. அதுவும் தடை செய்யப்பட்டதே. அந்தத் தடை சரியென்று உச்ச நீதிமன்றமும் அவ்வாண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. நாங்கள் தீர்ப்புக்குக் காத்திராமல், நன்கொடையாளர் மூவரின் உதவியால் நானூறு எவர்சில்வர் குவளைகள் வாங்கினோம். இனி எந்தத் திருவிழாவிலும் எறியும் குவளை இல்லை என்று பீடத்திலிருந்து அறிவித்தேன். மக்கள் கைதட்டினார்கள்.

அறிவித்த அன்று மாலை, பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் தனியே வந்தார். நெடுநேரம் வேறு செய்திகளைப் பேசிவிட்டு, “டம்ளர் விசயம் சாமி... ஒவ்வொரு தெருவும் அவங்கவங்க டம்ளரக் கொண்டுவந்துட்டா நல்லாருக்கும். சுத்தமாவும் இருக்கும்” என்றார். சுத்தம் என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். எங்கள் ஊரில் எந்தத் தெரு யாருடையது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்த நாட்டில் வளர்ந்தவர்கள் நாம். அதை ஒழிக்கப் போராடியவர்கள் உண்டு. ஆனால் பல இடங்களில் அது மனமாற்றத்தால் மறையவில்லை. எறியும் குவளை வந்தது, எவரும் எவர் வாய் வைத்ததிலும் குடிக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று, சிக்கல் தீர்ந்ததுபோல் ஆயிற்று. நான் அவரிடம், “ஒரே அண்டாவில் கழுவி ஒரே கூடையில் கவிழ்ப்போம், கைக்கு வந்ததில் குடிப்போம்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அசனத்தன்று அவரும் அவர் குடும்பத்தாரும் உண்டார்கள். தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த புட்டியில் குடித்தார்கள். இதை எழுதலாமா என்று தயங்கினேன். அவர் நல்லவர், என் வெள்ளி விழாவிற்கு ஓடியாடி உழைத்தவர்.

அன்றிரவு பத்து மணி இருக்கும். கூட்டம் கலைந்த பின், எல்லாம் நன்றாக முடிந்தது என்ற மனநிறைவோடு சமையற்கூடத்தின் பின்புறம் சென்றேன். குழாயடியில் ஒரே ஒரு விளக்கு. ஐந்து பெண்கள் குந்தியிருந்து குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பந்திக்குப் பந்தி கழுவியது போக இறுதிக் கழுவல் அது. ஒருவர் பங்கு இல்லத்தில் சமைப்பவர், அறுபதைக் கடந்த கைம்பெண். பாராட்ட எண்ணி, “ஒரு காகிதக் குவளைகூடக் குப்பைக்குப் போகவில்லை, பார்த்தீர்களா அம்மா?” என்றேன். அவர் கையை நிறுத்தாமல் சொன்னார்:

“நல்ல காரியந்தான் சாமி. ஆனா ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. அந்தப் பேப்பர் கப்பு வந்த பெறவுதான் திருநாள் அன்னிக்கு எங்க முதுகு நிமிந்துச்சு. இந்த வருசம் மறுபடியும் குனிஞ்சிட்டோம்.”

மற்ற நால்வரும் தலையைத் தூக்கவில்லை. ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

குருமடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டும் ஒரு குவளையும் உண்டு. உண்டபின் வரிசையில் நின்று நாங்களே கழுவிக் கவிழ்ப்போம். ஆயரின் உறவினராயினும் விலக்கில்லை. குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட மறுநாள் என் தட்டை எடுக்க எழுந்தபோது, “விடுங்க சாமி” என்று ஒருவர் வாங்கிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். அந்த ‘விடுங்க’ இருபத்தாறு ஆண்டுகள் நீடித்தது. இதற்கிடையே, புனித வியாழன் தவறாமல் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவி வந்தேன். அதற்கும் தண்ணீரும் துண்டும் ஏந்தி உடன் வர ஆட்கள் இருந்தனர். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய சுற்றுமடல், பிளாஸ்டிக்கைக் குறைப்பதையும் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவதையும் சிறு சிறு அன்றாடச் செயல்களாகவே எடுத்துச் சொல்கிறது. அதைப் பல முறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். எங்கள் பங்கு இல்லத்தில் அந்த அன்றாடச் செயல்கள் எல்லாம் வேறொருவருடைய கைகளால் நடந்தன.

அன்பியக் கூட்டம் ஒன்றில் இதே செய்தியை வேறு விதமாகக் கேட்டேன். வீட்டில் எறியும் பொருள்களைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தது. குழந்தைக்குத் துணியே போதுமே, எங்கள் காலத்தில் ஏது டயப்பர் என்றார் ஒரு பெரியவர். கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண், துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்பவர், “ராத்திரி மூணு தடவ எந்திரிச்சு அலசிப் போடுறது யாரு தாத்தா? நீங்க அலசுனீங்களா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் விடை சொல்லவில்லை. அந்தப் பெண்ணிடம் இன்னும் துணியைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. அவருடைய கணவரிடம் சொல்லலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நான் இப்போது என் தட்டைக் கழுவுகிறேன். சமைக்கும் அம்மா முதல் வாரம் இதைத் தம்மை வேலையிலிருந்து நிறுத்துவதற்கான முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு அழுதார். விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மீன் வாங்கவும் நானே தூக்குச்சட்டியோடு போகிறேன். வெறும் சட்டியை முதலில் நிறுத்துக் கழித்துக்கொள்ள வேண்டும், அதற்குக் கடைக்காரருக்குப் பொறுமை வேண்டும். பின்னால் நிற்பவர்களுக்கும் வேண்டும். மறந்துபோகும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் பாலித்தீன் பையில்தான் மீன் வருகிறது. அதைக் கழுவிக் காயவைத்தால் நாற்றம் போவதில்லை.

2024 திருவிழாவிற்கு முன் பேரவைக் கூட்டத்தில், கழுவும் பணி ஆண்களுக்கு என்று முடிவெடுத்தோம். முடிவெடுத்தோம் என்று பன்மையில் எழுதுகிறேன். நானும் இரு இளைஞர்களும் எடுத்தோம், மற்றவர்கள் பேசாதிருந்தார்கள். பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர், வந்தவர்கள் ஒன்பது பேர். மூன்று அண்டாக்கள் வைத்தோம். முதலாவதில் பாயசப் பிசுக்கு போகச் சீயக்காயிட்டுத் தேய்ப்பது, இரண்டாவதில் அலசுவது, மூன்றாவதில் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துக் கூடையில் கவிழ்ப்பது. மூன்றாம் அண்டாவின் தண்ணீர் கலங்கியதும் அதை முதல் அண்டாவிற்கு மாற்றினோம். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியதைவிடத் தண்ணீர் மிகக் குறைவாகவே செலவாயிற்று. முதல் அண்டாவின் நீர் தென்னங்கன்றுகளுக்குப் போயிற்று. இரண்டாம் பந்தி முடியுமுன் என் இடுப்பு வலித்தது. முதல் பந்தி முடிந்ததும் பேரவையின் அந்த மூத்த உறுப்பினர் வந்து சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாம் அண்டாவின் அருகே அமர்ந்தார். கழுவினார்; அதில் குடித்தாரா என்று நான் பார்க்கவில்லை. முடிவில் எண்ணியபோது முப்பத்தேழு குவளைகள் குறைந்தன.

சமைக்கும் அம்மாவை அவ்வாண்டு முதல் பந்தியிலேயே அமர வைத்தோம். உண்டு முடித்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயடிக்கு வந்து, கவிழ்த்து வைத்த கூடையிலிருந்து ஒரு குவளையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

“யாரு கழுவுனது இது?”

“நான்தான் அம்மா” என்றேன்.

“பிசுக்கு போகல” என்று சொல்லி, அதை மறுபடியும் முதல் அண்டாவில் போட்டுவிட்டுப் போனார்.