ராயபுரம் முதல் எண்ணூர் வரை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மோட்டாரில் போய்ப் பாருங்கள். காசி யாத்திரையே சுலபம் என்று தோன்றிவிடும்! தம்பியின் பேரக் குழந்தைகள் இருவருடன், பழைய சிநேகிதர்களைப் பார்க்கப் புறப்பட்டேன்.

ராயபுரத்துச் சிநேகிதர் ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் வாலாஜாவுக்குக் கிளம்பிய ஸ்டேஷனைப் பெருமையுடன் காட்டினார். "இவ்வளவு சின்ன ஸ்டேஷனா?" என்றான் இளையவன். சிநேகிதருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

காசிமேட்டில் மீன் வாடைக்குக் குழந்தைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். திருவொற்றியூரில் தியாகராஜ சுவாமியையும் வடிவுடையம்மனையும் தரிசித்துவிட்டு, அவ்வூர் நண்பருடன் கடற்கரைக்குச் சென்றேன். கடலைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். "நாம் சடுகுடு ஆடிய மணல் எங்கே?" என்றேன். அவர் பேசாமல் அலைகளுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்குமிடத்தில், மீன்பிடிக்கும் நண்பர் காத்திருந்தார். முன்பெல்லாம் நான் போனால், ஆற்றில் வலை வீசி இறால் கொண்டுவந்த பிறகுதான் உலையே வைப்பார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடிட்டுவிட்டது. போதாததற்கு, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அவர் படகையும் வலையையும் கரியாக்கிவிட்டது.

ஆயினும் இலையில் இறால் குழம்பு வந்தது.

"ஆற்று இறாலா, தாத்தா?" என்று கேட்டாள் பெரியவள்.

"இல்லை, கண்ணு. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் வாங்கி வந்தேன்" என்றார் நண்பர்.