அந்த மேசையைப் போட்டது நான்தான்

சிட்னியின் ஹாரிஸ் பார்க்கில் நாங்கள் குடியிருக்கும் செங்கல் அடுக்குமாடியின் குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழை வரும் என்று தெரிந்த ஓர் இரவில், பழைய மெத்தையையும் எழுதும் மேசையையும் கொண்டுபோய்ப் போட்டது நான்தான். கவுன்சிலுக்குச் சொல்லவில்லை. கட்டட நிர்வாகத்துக்கும் சொல்லவில்லை. பழி கீழ்வீட்டு மாணவர்கள் மேல் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நண்பர்கள் மத்தியில் வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்வது பற்றி வாய் கிழியப் பேசுகிறவன் நான் என்பதுதான் இதில் கூடுதல் வெட்கம். வீட்டை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தரும் மரீ கோண்டோவின் நெட்ஃபிளிக்ஸ் தொடர் 2019 ஜனவரியில் வந்தபோது ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, பரமட்டா ரயிலில் அகப்பட்டவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தேன். எங்கள் வீட்டிலோ இரண்டாவது படுக்கையறைக் கதவு பாதிதான் திறக்கும். விருந்தாளி வந்தால் அதைச் சாத்திவிட்டு, "உள்ளே பாப்பா தூங்குறா" என்று சொல்வோம். பாப்பா ஹாலில் விளையாடிக்கொண்டிருப்பாள்.

அந்த அறையில் ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகள் பாதி பிரிக்காமலே கிடந்தன. விமான எடைக்கணக்குக்காக என் சட்டைகளை எடுத்து வெளியே வைத்துவிட்டு அம்மா திணித்து அனுப்பிய எவர்சில்வர் சம்படங்கள் இருந்தன. இங்கே டாக்டரைப் பார்க்க நாளாகும் என்று ஊரிலேயே வாங்கி வந்து, காலாவதியாகிப்போன மாத்திரை அட்டைகள். எந்த போனுக்கும் பொருந்தாத சார்ஜர்கள் ஒரு பை நிறைய. டிவி, மிக்ஸி, குழந்தை வண்டி ஒவ்வொன்றும் வந்த அட்டைப்பெட்டி. வீடு மாறும்போது உதவும் என்பது என் வாதம். வீடு மாறினோம், அட்டைப்பெட்டிகளை மடித்து அவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். இதையெல்லாம் சிக்கனம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பொருள் வீட்டை விட்டு எங்கே போக வேண்டும் என்று யோசிக்கிற வேலையை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இங்கே நாளைக்கு என்று சொல்ல முடியாத ஒரு நாள் உண்டு: இன்ஸ்பெக்‌ஷன். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, ஏழு நாளுக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு, 12 மாதத்தில் 4 முறைக்கு மிகாமல் வீட்டுக்காரரோ அவருடைய ஏஜென்டோ வீட்டைப் பார்வையிடலாம். கடிதம் வந்த அன்றே தொடங்கியிருந்தால் எனக்கு ஒரு வாரம் இருந்தது. முந்தின இரவுதான் தொடங்கினேன். பெட்டிகள் கார் டிக்கிக்குப் போயின. மூட்டைகள் பால்கனியில் போர்வைக்குள் ஒளிந்தன. மெத்தையும் மேசையும் எங்கும் அடங்கவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். இரண்டாம் மாடியிலிருந்து மெத்தையை வளைத்து, சுவரில் உரச உரச இறக்கினேன். மாடிப்படி விளக்கைப் போடவில்லை. தெரிந்தே செய்தேன் என்பதற்கு அது போதும்.

மறுநாள் ஏஜென்ட் வந்தார். வீட்டை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவுன்சிலிடம் முன்பதிவு செய்தால் பெரிய சாமான்களை வாசலுக்கே வந்து எடுத்துப்போவார்கள். பதிவு செய்யாமல் வெளியே வைத்தால் அபராதம். இது எனக்குத் தெரியாததல்ல. விக்ரம் தெருவுக்கு தோசை சாப்பிட வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் 'லிட்டில் இந்தியா'. 2023 மே மாதம் மோடி சிட்னிக்கு வந்தபோது அந்தப் பெயருக்கு அரசு மரியாதையே கிடைத்தது. ஆனால் பக்கத்துத் தெருக்களில் யாராவது வீடு காலி செய்தால் நடைபாதையில் சோபா முளைக்கும். "நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது" என்று அவற்றைக் காட்டி அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

சீக்கிரமே மாடிப்படிக்குக் கீழே ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். மழையில் ஊறிய மெத்தை, பலகை உப்பிப் பிரிந்த மேசை, கலர்ப் படத்தோடு. யார் போட்டது என்று அதில் இல்லை. கீழ்வீட்டில் நான்கு மாணவர்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதமும் போனது. அவர்களில் கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் என்னைப் படியில் நிறுத்தினான்.

"அண்ணா, நாங்க போடலைங்கண்ணா. எங்ககிட்ட மெத்தையே கிடையாது, காத்தடிக்கிற பெட்லதான் படுக்கிறோம். டேபிள் இருந்தா நாங்க ஏனுங்கண்ணா வெளிய போடறோம்? தரையில உக்காந்துதான் அசைன்மென்ட் பண்றோம்."

"ஏஜென்டுக்கு ஒரு மெயில் போட்டு விளக்கிச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

அந்த மேசைக்கு ஒரு கால் மட்டும் லேசாக ஆடும். அட்டையை மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். அன்றைக்கு நான் அந்தப் பையன்களின் கதவைத் தட்டியிருந்தால் அவர்களே வந்து தூக்கிப்போயிருப்பார்கள். வகுப்புகள் முடிந்ததும் பையன்கள் வேறு பேட்டைக்குப் போய்விட்டார்கள். குப்பையை அப்புறப்படுத்திய செலவை அவர்களுடைய பாண்டு என்கிற வாடகை முன்பணத்தில் பிடித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கொடுக்க வேண்டிவரும் என்ற பயம்தான்.

வீட்டுக்குள் இதன் வலியைப் பட்டவள் என் மனைவி. அமெரிக்காவில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெபெட்டி என்ற இரு உளவியலாளர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பங்களைப் பற்றியது. தம்பதிகள் தங்கள் வீட்டைச் சுற்றிக்காட்டிப் பேசியதைப் பதிவு செய்து, அவர்கள் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவையும் பார்த்தார்கள். வீடு அடைசலாக இருக்கிறது, வேலை முடியாமல் கிடக்கிறது என்று பேசிய பெண்களுக்கு, பகல் போகப்போக நன்றாக இறங்க வேண்டிய அந்த அளவு சரியாக இறங்கவில்லை, மனச்சோர்வும் கூடியது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. படித்தபோது சுருக்கென்றது. கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருந்தவன் நான். ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வந்து, மூட்டைகளுக்கு நடுவில் மறுநாள் யூனிஃபார்மைத் தேடியவள் அவள்.

இப்போது நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: எங்கே போகப்போகிறது என்று தெரியாமல் எந்தப் பொருளையும் ஒதுக்குவதில்லை. மற்றதெல்லாம் சில நிமிட வேலை. தபாலைப் பிரிக்காமல் மாடிக்குக் கொண்டுபோவதில்லை. விளம்பரத் தாள்கள் கீழேயே மஞ்சள் மூடித் தொட்டிக்குப் போய்விடும், பில் மட்டும் மேலே வரும். குக்கரில் இட்லி வேகும் பத்து நிமிடத்தில் ஒரே ஓர் இழுப்பறை. இட்லி வெந்ததும் நிறுத்திவிட வேண்டும், அடுத்ததைத் திறக்கக் கூடாது. பழைய மாத்திரைகளை எந்த ஃபார்மசியில் கொடுத்தாலும் காசில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்; பால் வாங்கப் போகிற வழியில் அந்த வேலை முடிந்தது. 'ரிட்டர்ன் அண்ட் எர்ன்' மெஷினில் பாட்டிலுக்கும் கேனுக்கும் 10 சென்ட் கிடைக்கிறது, 2017 டிசம்பரிலிருந்தே. அந்தக் காசு மகளுக்கு என்றான பிறகு பாட்டில்கள் பால்கனியில் தங்குவதேயில்லை.

துணிக்கு ஆப் ஷாப், அதாவது தொண்டு நிறுவனங்கள் நடத்தும் பழைய பொருள் கடை. ஆனால் நண்பருக்குக் கொடுக்கக் கூசுகிற துணியை அங்கேயும் கொடுக்கக் கூடாது. விற்காத கிழிசலைக் குப்பைக்கு அனுப்ப அந்தத் தொண்டு நிறுவனங்கள்தான் கைக்காசு கட்டுகின்றன. கடை மூடிய பிறகு வாசலில் மூட்டையை வைத்துவிட்டு வருவதும் நான் செய்ததும் ஒன்றே.

பிளாஸ்டிக் பைகளை சூப்பர்மார்க்கெட் பெட்டியில் போட்டதும் பாவம் தீர்ந்தது என்று ஒரு காலத்தில் இருந்தேன். அந்த ரெட்சைக்கிள் திட்டம் 2022 நவம்பரில் நின்றுபோனது. சேகரித்ததில் ஆயிரக்கணக்கான டன் மறுசுழற்சிக்குப் போகாமல் கிடங்குகளில் குவிந்திருந்தது பிறகு வெளியே வந்தது. நாடு முழுவதற்குமான என் இரண்டாவது படுக்கையறை. பை வீட்டுக்குள் வராமல் தடுப்பதுதான் சுலபம் என்று அப்போது புரிந்தது. துணிப்பை இப்போது காரிலேயே கிடக்கிறது.

போகிக்குப் பழைய பாயையும் முறத்தையும் எரித்து வளர்ந்தவர்கள் நாம். எரித்ததும் வீடு சுத்தம். சாம்பலும் புகையும் யார் பாடு என்று கேட்டதில்லை. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் இறங்க வேண்டிய விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். என் வீட்டிலிருந்து போனது இன்னொருவர் தலையில் விழுந்தால், அதை நான் சுத்தம் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இட்லி வேகும் நேரத்தைக் கணக்குப் போட்டு வாழ்கிற எனக்கு, "அந்த மெத்தையும் மேசையும் என்னுடையவை" என்று கட்டட நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் போதும். அதை மட்டும் இத்தனை காலம் ஒதுக்கியே வைத்திருந்தேன். இன்று எழுதிவிட்டேன். அந்தப் பையன்களிடம் ஏதாவது பிடித்திருந்தால் திருப்பிக் கொடுங்கள், தொகை எவ்வளவானாலும் நான் கட்டுகிறேன் என்று என் வீட்டு எண்ணையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, "மேசைக்கும் சேர்த்து ஒரு தொகை எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். அதையும் எழுதப்போகிறேன்.