எத்தனை பேர்சன்ட்?

கொழும்பிலிருந்து நான் கொண்டுவந்த போத்தலைப் பார்த்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். புதிதாக வந்த ஒரு சின்ன கம்பனியின் பியர். "அஞ்சு" என்றேன். "அப்ப எதுக்குடா இந்த விலை?"

கொட்டகலையில் எங்கள் லயத்துப் பக்கம் சாராயம், கசிப்பு, பியர் எல்லாத்துக்கும் ஒரே அளவுகோல்தான்: ஏறுமா, ஏறாதா? 8.8 சதவீத லயன் ஸ்டவுட்டுக்கு இங்கே மரியாதை அதனால்தான். அதே ஸ்டவுட்டை மைக்கல் ஜாக்சன் (பாடகர் இல்லை, பிரிட்டிஷ் பியர் எழுத்தாளர்) புகழ்ந்தது சுவைக்காக.

நான் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். வெயில் பட்டால் பச்சைப் போத்தல் பியர் சீக்கிரம் நாறும், பழுப்புப் போத்தல் தாங்கும். ரொம்பக் குளிர்ந்தால் குறை தெரியாது. கிளாஸில் ஊற்றி, முதலில் மோந்து பார்க்கணும்.

மாமா மோந்தார். "பட்டர் வாசம் அடிக்குதே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது டயசெடைல். நொதிக்கும்போது உண்டாகும், பொறுத்திருந்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அவசரப்பட்டு அடைத்தால்தான் வாசம் தங்கிவிடும். லேபிளின் அழகில் மயங்கிய எனக்கு அது பிடிபடவே இல்லை.

"எப்படி மாமா?"

"முப்பது வருசம் பேக்டரியில கொழுந்து பதம் வந்துருச்சான்னு மோந்தே சொன்னவன்டா."

அப்படிப்பட்ட மூக்கு. ஆனால் வேலை முடிஞ்சு வந்து அவர் குடித்ததெல்லாம் உடம்பு வலி மறக்க, மூக்கைப் பொத்திக்கொண்டு. ருசி எப்படின்னு அவரிடம் யாரும் கேட்டதே இல்லை, நான் உட்பட.

மிச்சத்தை அவரே வாசலில் ஊற்றினார்.