உலுக்கும் கையும் உளுக்கிய காலும்

திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர் என்றால் பலருக்கும் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைதான் நினைவுக்கு வரும். நான் போனது சந்தையில்லாத ஒரு நாளில், மாசிக் கடைசியில், புளி உலுக்குவதைப் பார்க்க.

"தலைக்கு மேல பாத்து வாங்க சார்!" மரத்தின் மேலிருந்து குரல் வந்தது. ஆள் தெரியவில்லை. மற்ற மரங்கள் வெயிலில் மொட்டையாக நிற்க, புளி மட்டும் இலை அடர்ந்து நின்றது. கயிறு எதுவும் கட்டாமல் ஏறி, கிளையைக் காலால் மிதித்து உலுக்குகிறார். எட்டாத உச்சிக்குத் தொரட்டி. கீழே பழம் சடசடவென்று கொட்டியது.

இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். விழுந்ததுண்டா என்றேன். சிரித்தார். போன வருசம் சறுக்கி, கணுக்கால் வீங்கிவிட்டதாம். புளிய இலையை வேகவைத்து ஒத்தடம். அப்புறம் புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவிட்டு, பொறுக்கும் சூட்டில் பத்து. "மூணாம் நாள் ஏறிட்டேன் சார்." சூடு எவ்வளவு வேலை செய்தது, புளி எவ்வளவு செய்தது என்று யார் பிரிப்பது? ஆனால் அவரே சொன்னார்: "எலும்புன்னா ஆஸ்பத்திரிதான். பத்துப் போட்டுட்டு உக்காந்திருக்க முடியுமா?"

கொட்டகையில் பெண்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, வெயிலில் காயவைத்து, கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிதுக்குகிறார்கள். கூலி கிலோ கணக்கில். மருந்து பற்றிக் கேட்டதும் பேச்சு களைகட்டியது. மலம் இறுகினால் புளிக்கரைசலும் கருப்பட்டியும். வயிறு போனால் கொட்டையின் மேல்தோலை வறுத்துப் பொடித்து மோரில். சதை இளக்கும், தோல் கட்டும். ஒரே பழத்துக்குள் இரண்டு எதிரெதிர் மருந்து! தோலின் துவர்ப்புதான் காரணம். கொட்டையும் வீணாவதில்லை. அதன் மாவு நூலுக்குக் கஞ்சியாகிறது. அதிலிருந்து எடுக்கும் பசை, கண் வறட்சிக்கான சொட்டுமருந்துகளில்கூடச் சேர்கிறது. இதைச் சொன்னபோது ஒரு அம்மா, "கண்ணுக்கா? இதையா?" என்று கையிலிருந்த கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புளியை இந்த மாவட்டத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சேதியும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பல்லில் கறை, முற்றினால் எலும்பில் நோவு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாள் கொடுத்துப் பார்த்து, சிறுநீர் வழியே ஃபுளூரைடு கூடுதலாக வெளியேறுவதைக் கண்டு 2002இல் வெளியிட்டார்கள். அதற்காகப் புளிக்குழம்பை நம்பிக் கெட்ட தண்ணீரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் ரசத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது உண்மை.

கிளம்பும்போதுதான் கொட்டகைப் பெண்களின் விரல்களைக் கவனித்தேன். நுனியெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் கருப்பு. புளியின் அமிலம் நாளெல்லாம் அதில் ஊறுகிறது. இதற்கு என்ன மருந்து என்றேன்.

"தேங்கா எண்ணெதான் சார். புளி பட்டா எரியும்ல."

கையுறை?

"அதப் போட்டா கொட்டை கைக்குச் சிக்காது. கிலோ கொறஞ்சா கூலி கொறையும்."

சொல்லிக்கொண்டே அடுத்த பழத்தைக் கல்லில் வைத்தார்.